எஞ்சின் எண்ணெய் ஒழுகலும் ஏற்ற வாஷரும்

சிறு துளி பெருவெள்ளம் என்னும் முதுமொழி சேமிப்புக்குப் போலவே இழப்புக்கும் பொருந்தும். டீசல் பம்பு செட்டோ பவர் டில்லரோ வைத்திருக்கும் உழவர் பெருமக்களில் பலர், எஞ்சினின் அடியில் எண்ணெய்க் கறை படிவதைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஒழுகி ஒழுகி மசகு எண்ணெய் குறைந்துவிட்டால் பேரிங்குகள் தேயும். பிஸ்டன் சிலிண்டருடன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நீர் பாய்ச்ச வேண்டிய வேளையில் எஞ்சின் நின்றால் வாடுவது பயிரேயாகும். கிணற்று மேட்டில் சிந்திய எண்ணெயோ மழை நீருடன் கிணற்றில் இறங்கி நீரையும் கெடுத்துவிடும்.

ஒழுகும் இடத்தை முதலில் அறிதல் வேண்டும். எஞ்சினின் அடிப்பகுதியை நன்கு துடைத்து, கீழே ஒரு தாளை விரித்து, சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கலாம். மேலேயுள்ள பாக்கிங்கிலிருந்து வழியும் எண்ணெயும் கீழே வந்தே சொட்டும். பழைய எண்ணெயை வடிக்கும் போல்ட்டைச் சுற்றி மட்டும் ஈரம் கண்டால், அதன் வாஷரையே கவனிக்க வேண்டும்.

இந்த வாஷர் போல்ட்டின் தலைக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் இடையே நசுங்கி, அங்குள்ள நுண்ணிய கீறல்களை நிரப்பி, எண்ணெயைத் தடுக்கிறது. ஆகவே அது மென்மையானதாக இருத்தல் அவசியம். சாதாரண இரும்பு வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் இதற்கு உதவா. சைக்கிள் டியூபை வெட்டிப் போடுவதும் தவறு. அந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிக் கெட்டுவிடும்.

செம்பு வாஷர் வெப்பத்தை நன்கு தாங்கும். ஒருமுறை நசுங்கியபின் கடினமாகிவிடுமாதலால், புதியது போடுவதே நலம். கிடைக்காதபோது, பழையதை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு, கரியைத் துடைத்துப் போட்டால் மீண்டும் மென்மை பெறும். அலுமினியம், ஃபைபர் வாஷர்களை இவ்வாறு காய்ச்சலாகாது. அவற்றைக் கழற்றும்போதெல்லாம் மாற்றிவிட வேண்டும். உள்விளிம்பில் ரப்பர் பதித்த இரும்பு வாஷராயின், ரப்பர் வெடித்ததும் மாற்ற வேண்டும்.

அளவும் முக்கியமாகும். போல்ட்டின் மரைப்பகுதி 14 மில்லிமீட்டர் குறுக்களவுடையதாயின், வாஷரின் துளையும் 14 மில்லிமீட்டருக்கானதாக இருக்க வேண்டும். துளை பெரிதானால் வாஷர் ஒருபுறம் விலகி அமரும். இரண்டு வாஷர்களை அடுக்கிப் போடுவது கூடாது. சில எஞ்சின்களில் கூம்பு மரையுள்ள அடைப்பான் உண்டு. அதற்கு வாஷரே தேவையில்லை. எஞ்சினுடன் வந்த கையேட்டைப் பார்த்து இதனைத் தெரிந்துகொள்ளலாம்.

புதிய வாஷரைப் போடுமுன் பழைய வாஷர் தொட்டியில் ஒட்டிக்கொண்டுள்ளதா என்று பார்த்து, இரு முகங்களையும் துடைக்க வேண்டும். போல்ட்டை முதலில் கையால் திருகிப் பின்னரே ஸ்பானரால் இறுக்க வேண்டும். ஒழுகுகிறதே என்று மேன்மேலும் முறுக்கினால், அலுமினியத் தொட்டியின் மரை அழிந்துபோகும். வாஷரோ சொற்ப விலை, தொட்டியோ பெருஞ்செலவு.

ஊராட்சியில் ஜெனரேட்டரோ டிராக்டரோ இருப்பின், உரிய அளவு வாஷர்கள் சிலவற்றை வாங்கி வைத்து, எண்ணெய் மாற்றும்போதெல்லாம் வாஷரையும் மாற்றிப் பதிவேட்டில் குறித்துவருமாறு உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். வடித்த பழைய எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல் மூடிய கலத்தில் சேர்த்து வைப்பது நம் அனைவரின் கடமையாகும்.