சைலன்சரில் வெள்ளைப் புகை: தண்ணீரா, டீசலா?

ஊட்டியில் விடிகாலை மூன்று மணி. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் மூட்டை ஏற்றிய பழைய டீசல் பிக்கப், இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாவது முறை உறுமிக்கொண்டு கிளம்புகிறது. பின்னால் நிற்கும் ஆளே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. “கேஸ்கட் போச்சு, ஹெட்டைக் கழட்டணும்” என்று டீக்கடையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். அவசரப்பட வேண்டாம்.

கரும்புகை வந்தால் டீசல் அதிகம், காற்று போதவில்லை. நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளையில்தான் குழப்பம். அது தண்ணீர் ஆவியாகவும் இருக்கலாம், எரியாத டீசலாகவும் இருக்கலாம்.

ஆவி வருவது இயல்புதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. வெயிலில் அது கண்ணில் படாது. குளிரில் வெண்மையாகத் தெரியும். சைலன்சர் சூடேறியதும் மறைந்துவிட்டால் வண்டியில் கோளாறு இல்லை.

மறையாவிட்டால் மூக்குக்கு வேலை. பற்றாத டீசலின் பச்சை வாடை அடித்து, கண்ணும் எரிந்தால் அது டீசல் புகை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரம்; காற்று மெலிவு, குளிர் வேறு. ஒரு ஹீட்டர் பிளக் செத்திருந்தாலும் அந்தச் சிலிண்டரில் சூடு போதாமல் டீசல் அப்படியே வெளியேறும்.

ஆகவே செலவு குறைந்த வேலையிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் ஹீட்டர் பிளக். அடுத்து, டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவது. அதன் பிறகே நாசில், பம்ப் டைமிங், கம்ப்ரஷன். பழைய பம்ப் வண்டிகளில் மெக்கானிக் ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார். எதைத் தளர்த்தும்போது புகை குறைகிறதோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். காமன் ரெயில் வண்டியில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. அங்கே டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீய்ச்சும். தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

புகையில் லேசான இனிப்பு வாடை, வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகாமல் ராடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைவது: இரண்டும் சேர்ந்தால் டீக்கடைத் தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ராடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி விடாமல் கொப்பளித்தால், சிலிண்டரின் வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் ஆயிலிலும் கலந்துவிட்டது.

இதைத் தள்ளிப்போட முடியாது. இரவில் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிந்து நின்றால், காலையில் ஸ்டார்ட்டர் ‘டக்’கென்று அடித்து நின்றுவிடும். காற்றைப் போலத் தண்ணீர் நெருங்கிக் கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஹெட்டைக் கழற்றினால் புது கேஸ்கட் மட்டும் போட்டு மூடிவிடக் கூடாது. விரிசல் இருக்கிறதா, சூட்டில் ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் ஃபேஸிங் செய்ய வேண்டும். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கட்டும் நிற்காது.

வழியில் வெள்ளைப் புகையோடு டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் உடனே ஓரங்கட்டுங்கள். சூட்டோடு ராடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டவும் வேண்டாம். மூட்டைகளை வேறு வண்டியில் மாற்றி மண்டிக்கு அனுப்பிவிட்டு, இதைக் கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.