நான்கு பாகையில் ஒரு கருணை

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாத் தோட்டங்களின் லயங்களில் கூரைத் தகரம் சத்தமிடும். இரவெல்லாம் குளிரில் ஒடுங்கிக் கிடந்த தகடு, வெயில் பட்டதும் ‘டக் டக்’ என்று நெளியும். சூடேறினால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும் என்று படைத்தவன் பொருள்களுக்கு இட்ட கட்டளைதான் அந்தச் சத்தம்.

திடப்பொருளின் அணுக்கள் நின்ற இடத்திலேயே ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சூடு ஏற ஏற அதிர்வு கூடும். அணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று சற்றே விலகும். மூன்று மீட்டர் இரும்புத் தகரம் 40 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அவ்வளவு சிறிய நீட்சி நாள்தோறும் ஆணியோடு உரசி, காலப்போக்கில் துளையையே அகலமாக்கிவிடும். ஒழுகும் ஆணிக்கண்ணில் தார் பூசும் தோட்டத்து மக்களுக்கு இது அனுபவப் பாடம்.

1884இல் ஹட்டனுக்கும் மறு ஆண்டு நானுஓயாவுக்கும் ரயில் வந்தது. தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விரல் நுழையாத இடைவெளி விட்டே பாதை போட்டார்கள். இணைப்புத் தகடு பூட்டும் இடத்தில், துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். 13 மீட்டர் தண்டவாளம் 30 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட ஐந்து மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விடாவிட்டால் உச்சி வெயிலில் உருக்கே வளைந்துவிடும்.

காற்றும் இதே கட்டளைக்குள்தான். வானம் தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை இழக்க, அதைத் தொடும் காற்று குளிர்ந்து சுருங்கிக் கனக்கிறது. சரிவில் தண்ணீர்போல் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் துகள் உறைபனி பள்ளத்துத் தேயிலையை வெளுக்கும்போது, அதே மலையின் மேற்சரிவில் கொழுந்து பச்சையாகவே நிற்கும். பனி பட்ட கொழுந்து பிறகு கருகிப்போகும். பறிப்பவர்களின் உழைப்பும் அதோடு போகும்.

ஆனால் தண்ணீருக்குப் படைத்தவன் வேறு கணக்கு வைத்திருக்கிறான். ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவான நுவரெலியா வாவியின் நீரும் குளிரக் குளிரச் சுருங்கும். 4 பாகை வரைதான். அதற்கும் கீழே போனால் சுருங்காது, விரியத் தொடங்கும். மூலக்கூறுகள் கைகோத்து நடுவே வெற்றிடம் விட்டு அறுகோணக் கூடுகளாக அமைவதே காரணம். உறைந்து பனிக்கட்டியானால் சுமார் 9 சதவீதம் பருத்து, அடர்த்தி குறைந்து மிதக்கும்.

நம் வாவி கட்டியாக உறைவதில்லை. கனடா, நார்வே போன்ற நாடுகளின் ஏரிகள் மாதக்கணக்கில் உறைகின்றன. மேலே பனிக்கட்டி மூடியிருக்க, அடியில் 4 பாகை நீரில் மீன் நீந்துகிறது. தண்ணீரும் தகரத்தைப்போலவே சுருங்கிக்கொண்டே போயிருந்தால் பனிக்கட்டி மூழ்கியிருக்கும். ஏரிகள் அடியிலிருந்து உறைந்து, அவற்றின் உயிர்கள் அழிந்திருக்கும்.

தகரம், தண்டவாளம், காற்று எல்லாவற்றுக்கும் ஒரு விதியை வகுத்தவன், உயிரைத் தாங்கும் நீருக்கு அந்த விதியைத் திருத்தி எழுதியிருக்கிறான். பௌதிகம் படிக்கப் படிக்க எனக்கு அவன்மீது பக்திதான் பெருகுகிறது.