இணையவழி ஆங்கிலமும் மலையக மாணவரின் பேச்சும் எழுத்தும்

மலையகத் தோட்டப்புறங்களில் ஆங்கிலச் சொற்களுக்கு ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. தொழிலாளி குடியிருக்கும் லயம் 'லைன்' என்பதன் திரிபாகும். அதிகாலையில் வேலை பகிரப்படும் பெரட்டுக்களம் 'பரேட்' என்ற சொல்லின் வழிவந்தது என்பர். கொந்தரப்பு என்பது 'கொன்ட்ராக்ட்'. செக்ரோலும் டிவிசனும் ஸ்டோரும் உருமாறாமலே வழங்குகின்றன. எழுத்தறியாத பாட்டிமாரின் நாவிலும் இச்சொற்கள் தாராளமாகப் புழங்கின. ஆனால் செக்ரோலில் தம் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருப்பது என்ன என்று வாசிக்கவோ, அதில் பிழை இருப்பின் துரையிடம் நேரில் எடுத்துரைக்கவோ அச்சொற்கள் அவர்களுக்கு உதவவில்லை. ஒரு மொழியின் சொற்களை அறிந்திருப்பது வேறு. அம்மொழியில் தன் பக்க நியாயத்தைப் பேசவும் எழுதவும் வல்லவராக இருப்பது வேறு. இன்று இணையவழி ஆங்கிலக் கற்கைநெறிகளை நாடும் மலையக மாணவர் முன்னுள்ள கேள்வியும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழிக் கல்வி என்ற சொல் லயத்து வாசல் வரை வந்து சேர்ந்தது. வீட்டுக்கு ஒரு கையடக்கத் தொலைபேசி; அதனை மூன்று பிள்ளைகள் பங்கிட வேண்டும்; மலைச்சரிவில் சமிக்ஞை கிடைப்பதோ அரிது. அண்டை மாவட்டமான பதுளையில், போஹிட்டியாவ என்ற கிராமத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் சமிக்ஞை தேடி மலையுச்சிக்கு ஏறிச் சென்ற காட்சி 2021 இல் உலகச் செய்தியானது. அந்த நெருக்கடி நீங்கிய பின்னரும் இணையவழி ஆங்கில வகுப்புகள் மறைந்துவிடவில்லை. ஹற்றன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா எனப் பல இடங்களிலுமுள்ள இளைஞர் யுவதியர் இன்று அவற்றை நாடுகின்றனர். நகர வர்த்தகக் குடும்பங்களைச் சேர்ந்த, தமிழ் மொழிமூலம் பயிலும் முஸ்லிம் மாணவருக்கும் இது பொருந்தும். பிரிட்டிஷ் கவுன்சில், பி.பி.சி. போன்ற நிறுவனங்களின் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகம் கட்டுரை எழுதுவதற்கென்றே ஒரு கற்கைநெறியை எட்எக்ஸ் தளத்தில் நடத்தியது. பாடம் இல்லை என்ற குறை இன்று இல்லை.

குறை வேறிடத்தில் உள்ளது. இணையப் பாடம் ஒன்றைத் திறக்கும் மாணவர் காணொளியைப் பார்க்கிறார், சரியான விடையைத் தொடுகிறார், மதிப்பெண் பெறுகிறார். ஒரு மணி நேரம் கழிகிறது. அவர் வாய் திறந்திருக்கமாட்டார், ஒரு வாக்கியமும் எழுதியிருக்கமாட்டார். கனடாவில் இதனையொத்த ஒரு நிலைமை ஆராயப்பட்டது. அங்கு ஆங்கிலம் பேசும் குடும்பங்களின் பிள்ளைகள் பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் பயின்றனர். ஆண்டுக்கணக்கில் கேட்டும் வாசித்தும் வந்தமையால் அவர்களுக்கு மொழி நன்கு விளங்கியது. பேச்சிலும் எழுத்திலுமோ அடிப்படைப் பிழைகள் நீங்கவில்லை. மொழியியலறிஞர் மெரில் சுவெய்ன் 1985 இல் இதற்குக் காரணம் கூறினார்: கேட்பவர் பொருளை ஊகித்துக் கொள்ளலாம், இலக்கணத்தைக் கவனிக்க வேண்டியதில்லை. பேசுபவரும் எழுதுபவரும் மட்டுமே 'இதனை எப்படிச் சொல்வது' என்ற முட்டுக்கட்டையில் மோதுகின்றனர். அந்த மோதலில்தான் மொழி வசப்படுகிறது.

மலையகம் இதனை அறியாததன்று. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தமிழில் பத்திரிகை நடத்தியதோடு 'சிட்டிசன்' என்ற ஆங்கிலப் பத்திரிகையையும் நடத்தினார். 1936 முதல் 1947 வரை ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் ஆங்கிலத்தில் வாதாடினார். துரைமாரின் ஆட்சியை அம்பலப்படுத்தும் 'பிளான்டர் ராஜ்' என்ற நூலையும் அவர்களுடைய மொழியிலேயே எழுதினார். மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்த ஸி.வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். 'போர்ன் டு லேபர்' என்ற அவரது ஆங்கில நூல் 1970 இல் வெளிவந்தது. அதன் பாத்திரங்கள் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கொழுந்தெடுக்கும் பெண்ணுமே. தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டித் தந்தவரும் அவரே. ஆங்கிலம் கற்றால் தமிழ் போய்விடும் என அஞ்சுவோர் இவ்விருவரையும் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தகைய அச்சம் முஸ்லிம் சமூகத்திலும் ஒரு காலத்தில் ஆழமாக இருந்தது. மிஷனரிப் பாடசாலைகளுக்குச் சென்றால் பிள்ளைகள் மார்க்கத்தை இழப்பர் என்று பெற்றோர் ஒதுங்கியிருந்த வேளையில், கண்டியில் சட்டத்தொழில் புரிந்த அறிஞர் சித்திலெப்பை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கி ஆங்கிலக் கல்வியின் தேவையை வலியுறுத்தி வந்தார். ஆங்கிலத்துக்காகப் போராடிய பத்திரிகை தமிழில் வந்தது என்பது ஈண்டு கவனிக்கத்தக்கது.

இனி நடைமுறைக்கு வருவோம். முதலில் பேச்சு. தமிழ்த்தினப் போட்டியிலும் மீலாத் விழாவிலும் நம் பிள்ளைகள் மேடையேறிக் கணீரெனப் பேசுகின்றனர். ஆங்கிலத்தின எழுத்துப் பேச்சும் அவ்வாறே ஒப்புவிக்கப்படுகிறது. ஆனால் நடுவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பிள்ளை திகைத்து நிற்கிறது. மனனம் செய்தது பேச்சாகாது. எமது மொழியில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்து நிற்கும். 'அப்பா தோட்டத்தில் வேலை செய்கிறார்' என்று மனதில் கூட்டி, அதனைத் திருப்பிப் போட்டு, 'வேர்க்' என்பதன் பின்னே ஒரு 'ஸ்' சேர்க்கவும் மறவாதிருக்க வேண்டும். இத்தனையும் ஒரு நொடியில் நிகழவேண்டுமெனில் பழக்கம் தேவை. விதி மட்டும் போதாது.

இப்பழக்கத்துக்கு நியூஸிலாந்தின் பேராசிரியர் போல் நேஷன் எடுத்துக்காட்டிப் பரப்பிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரே விடயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடங்கள் பேச வேண்டும். பின்னர் அதனையே இன்னொருவரிடம் மூன்று நிமிடங்களில். மூன்றாமவரிடம் இரண்டே நிமிடங்களில். சொல்லவேண்டியது ஏற்கனவே தெரிந்திருப்பதால் மூன்றாம் முறை தயக்கம் குறைந்து வேகம் கூடுகிறது. இதற்கு நான்கு பேர் போதும். மாலையில் லயத்து முற்றத்திலோ, வாசிகசாலையிலோ, பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்திலோ கூடலாம். கூட முடியாதவர்கள் வட்ஸ்அப் குரற்பதிவாக அனுப்பலாம். காணொளி வகுப்பை இழுக்கத் திணறும் இணைப்பிலும் குரற்பதிவு எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். தம் குரலைத் தாமே கேட்பது முதலில் கூச்சமாயிருக்கும். ஆனால் 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூல்' ஆவதையும், 'கொஃபி' என்பது 'கோப்பி' ஆவதையும் அப்போதுதான் ஒருவர் தாமே கண்டுபிடிப்பார். உச்சரிப்பில் வெள்ளைக்காரராக வேண்டும் என்று நாம் கூறவில்லை. எதிரிலிருப்பவருக்கு விளங்கினால் சரி.

அடுத்தது கட்டுரை. நம் மாணவர் ஆங்கிலக் கட்டுரையில் தடுமாறுவதற்கு இலக்கணத்தைவிடப் பெரிய காரணம், எழுத எதுவுமில்லாமல் எழுதுவதாகும். கடற்கரையில் ஒரு நாள், விமானப் பயணம் என வழிகாட்டி நூல்களிலுள்ள கட்டுரைகள் அப்படியே பாடமாக்கப்படுகின்றன. கொட்டகலையில் பிறந்த பிள்ளைக்குக் கடற்கரை எதற்கு? வாசலுக்கு எதிரே தொழிற்சாலை நிற்கிறது. பச்சைக் கொழுந்து வாட்டப்படுகிறது, உருட்டப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, சூட்டில் உலர்த்தப்படுகிறது, சல்லடையில் தரம் பிரிக்கப்படுகிறது. இதனை வரிசைப்படி ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை செயப்பாட்டு வினையையும் 'முதலில்', 'அதன்பின்', 'இறுதியாக' என்னும் இணைப்புச் சொற்களையும் ஒரே மூச்சில் கற்றுவிடுகிறது. வெளிநாட்டுக் கல்விக்கான ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சையில் கேட்கப்படும் எழுத்து வகைகளுள் ஒன்றும் இத்தகைய செயன்முறை விளக்கமேயாகும்.

விளக்கம் கைவந்தபின் வாதத்துக்குச் செல்லலாம். லயத்துக்குப் பதில் தனிவீடு ஏன் வேண்டும்? கொழுந்தின் நிறையைத் தொழிலாளியின் கண்முன்னே ஏன் நிறுக்க வேண்டும்? இக்கேள்விகளுக்குப் பிள்ளையிடம் விடை உண்டு. வீட்டில் நாள்தோறும் கேட்டவை அவை. நாம் கற்பிக்க வேண்டியது அவ்விடையின் ஒழுங்கை மட்டுமே. தமிழ்க் கட்டுரையில் நீண்ட முன்னுரைக்கும் பொன்மொழிக்கும் நாம் பழகிவிட்டோம். ஆங்கிலக் கட்டுரை தன் கருத்தைத் தொடக்கத்திலேயே கூறிவிட எதிர்பார்க்கும். ஒரு பந்திக்கு ஒரு கருத்து. அக்கருத்துக்கு ஓர் ஆதாரம். ஒரே கட்டுரையைத் திருத்தி மூன்று தடவை எழுதுவது மூன்று கட்டுரைகளை எழுதுவதிலும் பயனுள்ளது. ஆயினும் பாடசாலைகளில் சிவப்பு மையிட்ட கொப்பி மூடப்பட்டுவிடுகிறது. மறுவாரம் புதிய தலைப்பு.

யார் திருத்துவது என்பதே இணைய வகுப்பின் பெருஞ்சிக்கல். பல்லாயிரம் பேர் சேரும் இலவசக் கற்கைநெறியில் ஆசிரியர் ஒவ்வொன்றையும் வாசிக்க இயலாது. எனவே மாணவரே ஒருவர் எழுத்தை மற்றவர் மதிப்பிடும் முறை பல தளங்களில் கையாளப்படுகிறது. இம்முறையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பிறர் பிழையைக் கண்டவர் தம் பிழையையும் காணத் தொடங்குவார். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் இன்னொரு வழியும் திறந்துள்ளது. அது நொடிப்பொழுதில் பிழையற்ற கட்டுரையைத் தந்துவிடும். அவ்வாறு பெறப்பட்ட கட்டுரையால் மாணவர் அடைவது எதுவுமில்லை. மாறாக, தாம் எழுதியதைக் கொடுத்து 'பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டு, திருத்தாதே' என்று கேட்பாரெனில், அருகில் ஆசிரியர் இல்லாத டிவிசனில் அது ஒரு துணையே.

பரீட்சை முறையையும் குறிப்பிடாமலிருக்க இயலாது. க.பொ.த. சாதாரண தர ஆங்கிலம் இரு வினாத்தாள்களைக் கொண்ட எழுத்துப் பரீட்சையாகவே நடத்தப்பட்டு வந்துள்ளது. பேச்சுக்கு அதில் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாததை எந்த வகுப்பும் நேரம் ஒதுக்கிக் கற்பிக்காது. உயர்தரத்தின் பொது ஆங்கிலமோ பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பதில்லை. ஆதலால் அதுவும் ஒதுக்கிவைக்கப்படுகிறது. பின்னர் கொழும்பிலே ஒரு நேர்முகப் பரீட்சையில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் கேட்கப்படும்போதுதான் பதினொரு ஆண்டு ஆங்கிலப் பாடம் என்ன தந்தது என்பது தெரியவருகிறது.

ஆசிரியப் பயிற்சிக்கெனப் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி உள்ளது. அங்கு பயிலும் ஆசிரிய மாணவர் ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஐந்து தோட்டத்துப் பிள்ளைகளின் குரற்பதிவைக் கேட்டு, ஐந்து பந்திகளை வாசித்துத் திருப்பியனுப்ப ஏற்பாடு செய்தால், இணையப் பாடத்தில் இல்லாத வாசகரும் செவியும் அப்பிள்ளைகளுக்குக் கிடைப்பர். ஆசிரிய மாணவருக்கும் அது பயிற்சியே. இதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ வேண்டியதில்லை. கல்லூரியும் வலயக் கல்வி அலுவலகங்களும் அமர்ந்து பேசினால் அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடலாம்.