நோய் வந்தால் இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்

பக்கவாதம், நீரிழிவால் கால் இழப்பு, பார்வை மங்குதல் என்று அரச சேவையிலுள்ள ஒருவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், "இனி ஏலாது, வேலையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்பதுதான் வீட்டில் முதலில் எழும் பேச்சு. யாழ்ப்பாணத்தில் விண்ணப்பம் நிரப்பித் தரும்படி என்னிடம் வருபவர்களிடம் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன்.

இராஜினாமா வேறு, மருத்துவ காரணத்தால் இளைப்பாறுவது வேறு. இராஜினாமாச் செய்பவர் பொதுவாக ஓய்வூதியத்தை இழக்கிறார். லீவு அறிவிக்காமல் வீட்டில் இருந்துவிட்டாலும் ஆபத்துத்தான். பதவியை வறிதாக்கியவர் என்று கடிதம் வந்துவிடும். திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் அறிவித்து, மருத்துவ சபைக்கு அனுப்பும்படி கேட்பதே சரியான வழி. கடமைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவர் என்று சபை அறிக்கையிட்டால், 60 வயதுக்குக் காத்திராமல் ஓய்வூதியத்துடன் இளைப்பாறலாம். அதற்குப் பொதுவாக 10 வருட சேவை வேண்டும். ஓய்வூதியம் இல்லாமல் ஊழியர் சேமலாப நிதி உள்ள கூட்டுத்தாபனங்களிலும் சபைகளிலும் இருப்பவர்கள், நிரந்தர இயலாமை உறுதியானால், வயதெல்லைக்கு முன்பே அந்த நிதியைப் பெறலாம்.

அந்த 10 வருடத்தைக் காட்டுவதில் நம்மவர்களுக்குத் தனிக் கஷ்டம் ஒன்று உண்டு. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களில் எத்தனை பேரிடம் நியமனக் கடிதம் இருந்திருக்கும்? உத்தியோகத்தர் புத்தளத்தில், கோவை யாழ்ப்பாணத்தில். அன்று சேவையில் புதிதாகச் சேர்ந்திருந்தவர்கள் இன்று ஓய்வு வயதை எட்டிவிட்டார்கள். இன்னும் சேவையில் இருப்பவர்கள், உடம்பு நன்றாக இருக்கும்போதே தங்கள் தனிப்பட்ட கோவையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் இளைப்பாறுவது ஒன்றுதானா வழி? 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்க்கும்போது பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. இரண்டும் வாசலில் நிற்பவரைப் பற்றியே பேசுகின்றன. உள்ளே இருந்து உடல் முடங்கியவரைப் பற்றி அல்ல. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, சேவையில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. அதே சம்பளத்தில் வேறு பதவி தர வேண்டும். பதவி இல்லையென்றால் உபரிப் பதவி உருவாக்கி, பொருத்தமான பதவி கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, இரண்டில் எது முந்தியதோ அதுவரை, அதில் வைத்திருக்க வேண்டும். நாம் 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 27ஆம் உறுப்புரையும், வேலையில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியானவர்களைக் குறிப்பிட்டே சொல்கிறது. உள்நாட்டுச் சட்டத்தில் அந்த வரியைச் சேர்க்கும்படி நமது மக்கள் பிரதிநிதிகளிடம் கேட்டாக வேண்டும்.

கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்தார்கள். வெளியே சென்ற காலங்களில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அனுதாபப்பட்டு வீட்டுக்கு அனுப்பவில்லை.

காலை இழந்த ஆசிரியர் நூலகத்தைப் பார்க்கலாம், கோவை வேலை செய்யலாம். ஆகவே மருத்துவ சபைக்கு அனுப்பக் கேட்கும் அதே கடிதத்திலேயே, இலகுவான மாற்றுக் கடமை தர முடியுமா என்றும் கேளுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.