கிழக்குக் கடற்கரைச் சாலை: கிலோமீட்டருக்கு 54 லட்சமும் 47 கோடியும்

மரக்காணம் உப்பளங்களையும் எக்கியார்குப்பம் போன்ற மீனவர் ஊர்களையும் தொட்டுச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு, கால் நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு செலவுக் கணக்குகள் உண்டு. முதலாவது 113.2 கி.மீ.க்குச் சுமார் 61 கோடி ரூபாய். இரண்டாவது 46 கி.மீ.க்கு 2,157 கோடி ரூபாய்.

முதல் கணக்கு தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்துடையது. 1998இல் மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனமும் தலா 50% பங்குடன் இதைத் தொடங்கின. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் நெடுஞ்சாலைத் துறை ஏற்கெனவே போட்டிருந்த இருவழிச் சாலையை மேம்படுத்தி, கட்டணம் வசூலித்துப் பராமரிக்கும் உரிமை 2000இல் 30 ஆண்டுகளுக்கு அதற்குக் கிடைத்தது. வசூல் 2002 மார்ச்சில் தொடங்கியது. செலவு கிலோமீட்டருக்கு 54 லட்சம் ரூபாய்.

இந்தச் சாலையில் இருந்த சுங்கச்சாவடிகள் 2: உத்தண்டியிலும் அனுமந்தையிலும். சராசரியாக 56.6 கி.மீ.க்கு ஒன்று. இதே நிறுவனக் குடும்பத்தின் சென்னை ராஜீவ் காந்தி சாலையில், இணைப்புச் சாலைகளில் இருந்தவற்றையும் சேர்த்து, 20.1 கி.மீ.க்கு 5 சாவடிகள் இருந்தன. அதாவது 4 கி.மீ.க்கு ஒன்று. அவற்றில் 4 சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதலும், எஞ்சிய நாவலூரில் 2023 அக்டோபர் 19 முதலும் வசூல் நின்றது.

இரண்டாவது கணக்கு ஒன்றிய அரசினுடையது. மரக்காணம்–புதுச்சேரி பகுதியை (தேசிய நெடுஞ்சாலை 332ஏ) நான்குவழியாக்க 2025 ஆகஸ்ட் 8 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. செலவு கிலோமீட்டருக்கு 46.9 கோடி ரூபாய். ரூபாய் மதிப்பில் பழையதைப் போல் 87 மடங்கு. ஆண்டுக்கு 6% விலையேற்றம் என்று கொண்டால் 2001இன் 54 லட்சம் இன்று 2.18 கோடி. தடங்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால், ஒரு தட கிலோமீட்டருக்கு அன்று 1.09 கோடி, இன்று 11.7 கோடி. வேறுபாடு சுமார் 11 மடங்காகக் குறைகிறது. முன்னது இருந்த சாலையின் மேம்பாடு, பின்னது விரிவாக்கம் என்பதால் இந்த 11 மடங்கு முழுவதையும் செலவு உயர்வு என்று சொல்ல முடியாது.

வருவாய் இடரும் கை மாறியிருக்கிறது. அன்று வண்டி குறைந்தால் நட்டம் நிறுவனத்துக்கு. இப்போதைய கலப்பு ஆண்டுத்தொகை முறையில், ஒப்பந்தத் தொகையில் 40% கட்டுமானக் காலத்திலும் 60% அதன்பின் தவணைகளாகவும் ஒப்பந்ததாரருக்குக் கிடைக்கும். சுங்க வசூல் அரசுத் தரப்புக்குச் செல்லும். குறைந்தால் இழப்பும் அங்கேயே.

கட்டணத்துக்கு அடிப்படை 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள். நான்குவழியில் கி.மீ.க்கு அடிப்படை வீதம் காருக்கு 65 பைசா, இலகு சரக்கு வண்டிக்கு 1.05 ரூபாய், இரண்டு அச்சு லாரிக்கு 2.20 ரூபாய். இருவழியானால் இதில் 60%. இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. ஆண்டுதோறும் 3 சதவீதமும் மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 சதவீதமும் கூடும். உள்ளூர் காருக்கான மாதச் சீட்டு 150 ரூபாயிலிருந்து 2025–26இல் 350 ரூபாயாகியுள்ளது: 2.33 மடங்கு.

அதே மடங்கில், பாலங்களுக்கான கூடுதலை விட்டுவிட்டு, 46 கி.மீ.க்கும் கணக்கிட்டால் லாரிக்கு 236 ரூபாய், இலகு சரக்கு வண்டிக்கு 113 ரூபாய். 24 மணி நேரத்தில் திரும்பினால் ஒன்றரை மடங்கு: 354, 169 ரூபாய். லாரியில் 10 டன் உப்பு போனால் கிலோவுக்கு 3.5 பைசா. சிறிய வண்டியில் 1 டன் மீன் போனால் கிலோவுக்கு 17 பைசா. எடைக்கு எடை, மீன் சுமப்பது உப்பைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு.

மாதச் சீட்டு 50 ஒருவழிப் பயணக் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மீன் வண்டிக்கு மாதம் சுமார் 3,760 ரூபாய், ஆண்டுக்கு 45,000 ரூபாய். இருவழி வீதத்தில் அதுவே 27,000 ரூபாய். வித்தியாசமான 18,000 ரூபாயை ஆண்டின் 300 போக்குவரத்துகளால் வகுத்தால் நடைக்கு 60 ரூபாய். டீசலிலும் நேரத்திலும் நடைக்கு 60 ரூபாய்க்கு மேல் மிச்சமானால்தான் கூடுதல் இரு தடங்கள் அந்த வண்டிக்காரருக்கு லாபம்.