ஆட்டக்காரர் ஆசானான கதை

ஹாக்கி என்று சொன்னவுடன் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவது பசும்புல் தரையும் தயான் சந்தின் மட்டையுமே. கனடா நாட்டில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே ஹாக்கி என்பது உறைந்த பனித்தளத்தின்மேல் ஆடப்படுவது. நம் நாட்டிலும் லடாக்கில் குளிர்காலத்தில் இவ்வாட்டம் நடைபெறுகின்றது. ஆயினும் தென்னாட்டிலிருந்து வந்த நம்மிற் பெரும்பாலோர் அதனைக் கண்டதில்லை. ஆதலின் முதற்கண் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்.

பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு. காலணியின் அடியில் எஃகுத் தகடு. கோல் காப்பாளரையும் சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடக்கும். முழு வேகத்தில் எவரும் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடிக்க இயலாது. எனவே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஊதல் ஒலிக்காமலே, களைத்தவர் வெளியேறுவதும் புதியவர் குதித்திறங்குவதுமாக இருக்கும். யாரை எப்போது எவருக்கு எதிராக இறக்குவது என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்பவர், பெஞ்சின் பின்னால் நிற்கும் பயிற்சியாளர். மற்றப் பல ஆட்டங்களில் ஆசானின் வேலை பெரும்பாலும் ஆட்டம் தொடங்குமுன் முடிந்துவிடுகின்றது. இங்கே அப்போதுதான் தொடங்குகின்றது.

அவ்வேலையிற் பெரும்புகழ் பெற்றவர் டோ பிளேக். 1912-ஆம் ஆண்டு ஒண்டாரியோ மாகாணத்தில் சுரங்கங்கள் நிறைந்த பகுதியிற் பிறந்தவர். இயற்பெயர் ஹெக்டர். அவருடைய சின்னஞ்சிறு தங்கை அப்பெயரை முழுதும் சொல்ல நாவெழாமல் ‘ஹெக்டோ’ என்று மழலை பேச, அதன் வாலே அவருக்கு வாழ்நாள் முழுதும் பெயராயிற்று.

1936-இல் அவர் மாண்ட்ரீல் நகரத்துக் கானடியன்ஸ் குழுவிற் சேர்ந்தார். 1938-39 பருவத்தில் புள்ளிக் கணக்கில் முதலிடமும், மிகச்சிறந்த ஆட்டக்காரருக்குரிய ஹார்ட் பரிசும் பெற்றார். கோல் விழுந்தால் வலைக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிவது அவ்வாட்டத்தின் வழக்கம். அவ்விளக்கை ஓயாது எரியவைத்தமையால் அவரை ‘பழைய விளக்கேற்றி’ என்றே அழைத்தனர். பின்னர் மாரிஸ் ரிஷார், எல்மர் லாக் என்னும் இருவரோடு சேர்ந்து முன்வரிசையில் ஆடினார். 1944-45 பருவத்தில் புள்ளிக் கணக்கின் முதல் மூன்று இடங்களும் இம்மூவருக்கே கிட்டின. 1944-லும் 1946-லும் கானடியன்ஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேக்கே குழுத்தலைவர்.

1948 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் அவர் கால் முறிந்தது. முதல்தர ஆட்டத்தில் அவருக்கு அதுவே முடிவு. அப்போது வயது முப்பத்தைந்து. சிறிய குழுக்களுக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கி, கியூபெக் மாகாணத்து வாலிஃபீல்டு என்னும் சிற்றூரிற் சில ஆண்டுகள் உழைத்தார். புகழின் உச்சியில் இருந்தவர் சிற்றூர் அரங்கில் எழுத்துப் பாடம் படிப்பதுபோல் மீண்டும் தொடங்கியதை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை.

இதற்கிடையே மாண்ட்ரீலில் ஒரு பெருங்கலகம் மூண்டது. ரிஷார் பிரெஞ்சு மொழி பேசும் எளிய குடும்பத்தவர். அந்நகரத்துப் பிரெஞ்சு மக்களுக்குக் கண்போன்றவர். ஆனால் கடுஞ்சினத்தர். 1955 மார்ச் 13 அன்று பாஸ்டன் நகரில் நடந்த ஆட்டத்தில் நடுவர்களுள் ஒருவரைத் தாக்கிவிட்டார். லீக்கின் தலைவரான கிளாரன்ஸ் காம்பெல், அப்பருவத்தில் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலுமிருந்து அவரை விலக்கினார். காம்பெல் ஆங்கிலம் பேசுபவர். மார்ச் 17 இரவு அவர் அரங்கிற்கு வந்தபோது புகைக்குண்டு வெடித்தது, ஆட்டம் நின்றது, மக்கள் தெருவில் இறங்கிக் கடைக் கண்ணாடிகளை நொறுக்கினர். இது வெறும் ஆட்டப்பித்து அன்று. பெரும்பான்மையோரின் மொழி பிரெஞ்சாகவும், வாணிகத்தின் மொழி ஆங்கிலமாகவும் இருந்த நகரத்தின் நெடுநாள் மனக்குறை அது. இருமொழிகளின் நடுவே வாழ்வது இன்னதென்று, வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு நாம் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

அந்தக் கோடையில் கானடியன்ஸின் நிர்வாகி ஃபிராங்க் செல்கி புதிய பயிற்சியாளரைத் தேடினார். பிளேக்கின் தாயார் பிரெஞ்சு வழியினர். இருமொழியும் அவர் நாவிற் புரண்டன. அதனினும் முக்கியமாக, ரிஷாரின் பக்கத்திலேயே நின்று ஆடியவர். பழைய தோழரின் சினம் எங்கே பிறக்கும், எங்கே தணியும் என்பதை அறிந்தவர். ரிஷாரின் தண்டனை நிமிடங்கள் 125-இலிருந்து அடுத்த பருவத்தில் 89 ஆகக் குறைந்தன. கோல்களோ முன்போலவே 38. குழு 70 ஆட்டங்களில் 45-ஐ வென்று கோப்பையையும் கைப்பற்றியது.

அப்பருவத்தின் தொடக்கத்தில், 1955 நவம்பர் 5 அன்று, பாஸ்டன் குழுவில் ஆள் குறைந்திருந்த வேளையில் ழான் பெலிவோ 44 நொடிகளில் மூன்று கோல் அடித்தார். அக்காலத்தில் தண்டனை பெற்றவர், எதிரி எத்தனை கோல் அடித்தாலும், இரண்டு நிமிடமும் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். 1956-இல், ஒரு கோல் விழுந்தவுடன் அவர் திரும்பலாம் என்று விதியையே மாற்றினர்.

பிளேக் கண்டிப்பானவர். தலையில் தொப்பியும் முகத்தில் கடுமையுமாக நிற்பார். அவர் பிடிவாதம் ஒருமுறை பிழையாகவும் ஆயிற்று. கோல் காப்பாளர் ஜாக் பிளாண்ட், முகக்கவசம் அணிந்து ஆட விரும்பினார். காலடியில் கிடக்கும் வட்டு கண்ணுக்குத் தெரியாது என்பது பிளேக்கின் வாதம். பயிற்சியின்போது மட்டும் இசைந்தார். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் எதிரி அடித்த வட்டு பிளாண்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டவர், கவசமின்றித் தளத்தில் இறங்கேன் என்றார். அந்நாளில் குழுவுடன் மாற்றுக் காப்பாளரை அழைத்துச் செல்வதில்லை. பிளேக் பணிந்தார். ஆட்டத்தை 3-1 என்று வென்றனர்.

காயம் ஆறியபின் கவசத்தைக் கழற்றச் சொல்லி மீண்டும் வற்புறுத்தினார் பிளேக். 1960 மார்ச்சில் பிளாண்ட் ஒருநாள் கழற்றியும் ஆடினார். டெட்ராய்டிடம் 3-0 என்று தோற்றனர். அதன்பின் கவசம் கழறவில்லை. அவ்வாண்டு கோப்பைக்கான எட்டு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று, ஐந்தாம் முறையாக இடைவிடாது கோப்பையைப் பெற்றனர். தாம் எதிர்த்த முகமூடியின் துணையாலேயே பிளேக்குக்கு இச்சாதனை கிட்டியது எனலாம். அவ்வைந்து தொடர் வெற்றிகளை இன்றுவரை எக்குழுவும் எட்டவில்லை.

ரிஷார் 1960-இல் ஓய்வு பெற்றார். பிளேக் 1965-லும் 1966-லும் புதியவர்களைக் கொண்டு மேலும் கோப்பைகளை வென்றார். பதின்மூன்று ஆண்டுகளில் பருவ ஆட்டங்களில் மட்டும் 500 வெற்றிகள். ஆனால் தோற்ற இரவுகளே அவரை அரித்தன. 1968-இல் செயின்ட் லூயி குழுவை நான்கு ஆட்டங்களிலும் ஒரே ஒரு கோல் வேறுபாட்டில் வென்று, எட்டாம் கோப்பையுடன், மனச்சுமை பொறுக்கவில்லை எனக் கூறி விலகினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. 1995-இல் காலமானார்.

அன்று தோற்ற செயின்ட் லூயி குழுவின் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன். இளமையில் தலையிற் பட்ட அடியால் ஆட்டத்தை இழந்து, மாண்ட்ரீல் நிறுவனத்திலேயே பயிற்சித் தொழிலைக் கற்றவர். அவரே 1998-இல் பிளேக்கின் எட்டுக் கோப்பைகளைச் சமன் செய்து, 2002-இல் ஒன்பதாவதையும் வென்றார்.