குற்றச் செய்தியும் பெயர் மறைப்பும்

குற்றச் செய்திகளிலே எவர் பெயரைக் கூறலாம், எவர் பெயரை மறைத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு ஒரே நாடுதானும் எக்காலத்தும் ஒரே விடையை அளித்ததில்லை. இங்கிலாந்திலே 1976ஆம் ஆண்டுச் சட்டம், பலாத்காரத்துக்கு ஆளானதாக முறையிடும் பெண்ணின் பெயரோடு குற்றஞ் சாட்டப்பட்டவனின் பெயரையும் மறைத்தது. 1988இல் எதிரிக்கு அளித்த காப்பு நீக்கப்பட்டது, பெண்ணுக்குரியது நிலைத்தது. கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு இல்லாத சலுகை இவனுக்கு மாத்திரம் எதற்கு என்பது நீக்கியோர் வாதம்.

இலங்கையிலே 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்ந்த 365இ பிரிவு, பாலியற் குற்றங்களுக்கு ஆளானோரின் பெயரை மாத்திரமன்றி, அவர்களை அடையாளங் காட்டவல்ல எவ்விடயத்தையும் அச்சிடுவோருக்கு இரண்டாண்டு வரையிலான சிறையோ, குற்றப் பணமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றது. இப்பிரிவின் முற்பாதியை நம் பத்திரிகைகள் பெரும்பாலும் பேணுகின்றன, பெயர் வருவதில்லை. ஆயின், இன்ன கிராமம், வயது பதினான்கு, இன்ன பாடசாலை, தந்தை கடற்றொழிலாளி, தாய் வெளிநாட்டிலே பணிப்பெண் என விவரங்கள் அடுக்கப்படுகின்றன. கொழும்பிலிருந்து வாசிப்பவருக்கு இவை வெறுஞ் சொற்கள். அக்கிராமத்தவருக்கோ பெயரினுந் தெளிவான அடையாளங்கள். நூறு குடிகள் வாழும் ஊரிலே அத்தகைய சிறுமியர் எத்தனை பேர் இருத்தல் கூடும்? இன்னொரு வழியும் உண்டு. ஒரு பத்திரிகை எதிரியின் பெயரைக் கூறி உறவை மறைக்கின்றது. மற்றொன்று பெயரை மறைத்து, அவன் சிறுமியின் சிறிய தந்தை என்கின்றது. தனித்தனியே நோக்குமிடத்து இரு பத்திரிகையும் சிறுமியைக் காட்டிக் கொடுக்கவில்லை. இரண்டையும் வாசிப்பவனோ யாவற்றையும் அறிந்துகொள்கின்றான். அடுத்த தவணையிலே அவளது ஆசனம் வெறுமையாயிருப்பதைக் காண்போர் நிருபர்களல்லர், ஆசிரியர்களே.

இறந்தவர் பெயரைக் கூறலாமே என்பாருமுளர். இறந்தோர்க்கும் மானம் உண்டெனக் கூறி, 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்குந் தடை விதித்தது.

சந்தேகத்தின் பேரிற் பிடிபட்டோர் நிலை வேறு. குற்றவாளியென நிரூபிக்கப்படும் வரை எவரும் சுத்தவாளியே என எமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5) உறுப்புரை கூறுகின்றது. எனினும், கைதான மறுநாளே படமும் பட்டப்பெயரும் வெளிவரக் காண்கின்றோம். கோவலனைக் கள்வன் என்ற பொற்கொல்லனின் சொல் ஓர் அரசனின் செவிக்கே எட்டியது. இன்று அது பொழுது புலருமுன் பல்லாயிரவர் செவிக்கு எட்டும். 2014இல் பாடகர் கிளிவ் றிச்சாட்டின் வீட்டைப் பொலிசார் சோதனையிட்டதை பி.பி.சி. ஹெலிகொப்ரரிலிருந்து படம் பிடித்து ஒளிபரப்பியது. அவர் கைது செய்யப்படவுமில்லை; அவர்மீது வழக்குத் தொடரப்படவுமில்லை. 2018இல் நீதிமன்றம் அவருக்கு 2,10,000 பவுண் நட்டஈடு விதித்தது. குற்றஞ் சாட்டப்படுமுன் விசாரணைக்குட்பட்டவர் தம் அந்தரங்கம் காக்கப்படுமென எதிர்பார்த்தல் பொதுவாக நியாயமே என 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கூறிற்று.

இம்முடிபை நாம் அப்படியே இங்கு கொணர்தல் தகுமோ? கொண்டு செல்லப்பட்டவர்கள் எங்குளர் என அறியாது பெற்றார் அலைந்த நாடு இது. கைதானவர் பெயர் வெளிவருதல் சிலவேளை அவரது உயிருக்கே காவலாகும். ஆகவே, கைதானவர் இன்னார், எங்கு வைக்கப்பட்டுள்ளார் என்பதை மறைத்தல் ஆகாது என்பதே எம் கருத்து. அதற்குப் படம் வேண்டுவதில்லை; ‘காமுகன்’, ‘கொடூரன்’ என்னும் தலையங்கங்களும் வேண்டுவதில்லை. சந்தேகநபர், எதிரி, குற்றவாளி என மூன்று நிலைக்கு மூன்று சொற்கள் நம் மொழியில் உள்ளன. தலையங்கம் எழுதுவோர் மூன்றாவதையே முதலிற் பிரயோகிக்கின்றனர். பின்னர் அம்மனிதர் விடுதலையாகும்போது, அச்செய்தி, வருமாயின், உட்பக்கத்திலே மரண அறிவித்தல்களின் அருகில் நான்கு வரியாக வருகின்றது.